நாளிதழின் மடிப்புக்குள் ஓர் உறை

துப்பறியும் கதைகளில் நாமெல்லாம் பலமுறை வாசித்துப் பழகிய ஒரு காட்சி உண்டு. நள்ளிரவில் பத்திரிகை அலுவலகத்தில் ஒரே ஒரு விளக்கு எரிகிறது. தொலைபேசி ஒலிக்கிறது. மறுமுனையில் பேசுபவர் பெயரைச் சொல்வதில்லை. ஓர் இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். நிருபர் தனியே புறப்படுகிறார். தகவல் தருபவர் நண்பரா, பகைவரா, நிருபரைத் தம் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்பவரா என்பது கடைசி அத்தியாயம் வரை விளங்காது. பக்கத்தைப் புரட்டும் நமக்கு இருக்கும் கவலையெல்லாம் நிருபரின் உயிரைப் பற்றியதுதான்.

தமிழ் மாத நாவல்களில் புலன் விசாரணை பெரும்பாலும் வழக்கறிஞர்களிடமும் துப்பறியும் நிறுவனத்தாரிடமும் இருந்தது. சுஜாதாவுக்குக் கணேஷ், வசந்த். சுபாவுக்கு நரேந்திரன், வைஜெயந்தி. 2011 ஏப்ரலில் வெளிவந்த ‘கோ’ திரைப்படம் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவரை நாயகனாக்கியது. அதன் எழுத்தில் பங்குகொண்டவர்களும் அதே சுபா இரட்டையர்தாம், இயக்கிய கே.வி. ஆனந்த் ஒரு காலத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்தவர். தேர்தலும் செய்தித்தாளும் குற்றமும் கலந்த அந்தக் கதையைத் தமிழகம் ஒரு சட்டமன்றத் தேர்தல் முடிந்த பத்தே நாட்களில் திரையரங்குகளில் பார்த்தது. அதே தேர்தலுக்கு நான்கு வாரங்களுக்கு முன் எங்கள் பக்கத்து ஊரைப் பற்றி வெளியான உண்மைக் கதை ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

இதை எழுதத் தூண்டியது வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வி. திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடலை நடத்திக்கொண்டிருந்தேன். திருமங்கலத்துக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, ஒற்றன் சொல்வதை அரசன் கேட்டுக்கொள்கிறான். அதற்குப் பிறகு அந்த ஒற்றன் என்ன ஆகிறான்?” என்று கேட்டார். உரைகளில் அதற்கு நேரடியான பதில் இல்லை. வீடு திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வியை அசைபோட்டுக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது அவருடைய ஊரேதான்.

மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது திருமங்கலம். கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் பெருவழியிலிருந்து ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் சாலை பிரிகிற இடம். பேருந்தில் போகிறவர்கள் சன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்துபோகும் ஊராகத்தான் நெடுங்காலம் இருந்தது. 2009 ஜனவரியில் அதன் பெயர் அகில இந்திய அரசியல் அகராதியில் ஏறியது. சட்டமன்ற உறுப்பினராக இருந்த ம.தி.மு.க.வின் வீர. இளவரசன் 2008இல் மறைந்ததை அடுத்து, 2009 ஜனவரி 9 அன்று இடைத்தேர்தல் நடந்தது. தி.மு.க.வின் தேர்தல் பணிகளுக்கு மு.க. அழகிரி பொறுப்பேற்றிருந்தார். வாக்குப்பதிவு 88 விழுக்காட்டைத் தாண்டியது. தி.மு.க. வேட்பாளர் லதா அதியமான் 39,266 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற தொடர் அதன் பின்னர்தான் புழக்கத்துக்கு வந்தது. வாக்குக்குப் பணம் என்பதற்கு மறுபெயராக அது பிற மாநிலச் செய்தித்தாள்களிலும் இடம்பிடித்தது. ஊர்ப்பெயர் ஒன்று இப்படி வசைச் சொல்லாக மாறுவது அவ்வூரில் வாழ்வோருக்கு எவ்வளவு கசப்பானது என்பதை அங்குள்ளோரிடம் பேசிப் பார்த்தால் அறியலாம்.

பணம் புழங்கியது என்ற குற்றச்சாட்டு அன்றைக்கே எழுந்தது. எதிர்க்கட்சிகள் புகார் கூறின, நாளிதழ்கள் எழுதின, தேநீர்க் கடைகளில் ஊரே பேசியது. பேசப்பட்ட தொகைகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. ஆனால் இன்ன இடத்தில், இன்னார் கையால், இவ்வளவு வாங்கினேன் என்று பெயரோடு சொல்ல யார் முன்வருவார்? கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம் என்கிறபோது சாட்சிகள் எல்லோரும் உடன் குற்றவாளிகள் ஆகிவிடுகிறார்கள். ஆகவே செய்தித்தாள்களில் நாம் கண்டதெல்லாம் நம்பத்தகுந்த வட்டாரங்கள்தாம். வட்டாரங்களுக்கு முகம் கிடையாது.

முகமுள்ள ஒருவரின் கூற்று இரண்டு ஆண்டுகள் கழித்து, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2011 மார்ச் 16 அன்று ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ், சென்னை அண்ணா மேம்பாலத்தை அடுத்துள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் வாஷிங்டனுக்கு அனுப்பிய தந்திக் குறிப்பு ஒன்றைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. குறிப்பு எழுதப்பட்ட நாள் 2009 மே 13. தமிழகம் மக்களவைத் தேர்தலில் வாக்களித்துக்கொண்டிருந்த அதே நாள். துணைத் தூதரகத்தின் அப்போதைய பொறுப்பு அதிகாரி ஃபிரெடரிக் கப்லான் பெயரில் அது சென்றிருந்தது. தென்னிந்தியாவில் வாக்காளருக்குப் பணம் கொடுப்பது எவ்வாறு நடக்கிறது என்று அரசியல்வாதிகள், கட்சிப் பணியாளர்கள், வாக்காளர்கள் ஆகியோர் சொல்லக் கேட்டுத் தொகுத்த அறிக்கை அது.

அதில் திருமங்கலம் வருகிறது. மதுரையின் முன்னாள் மேயர் ஒருவர் கூறியதாகக் குறிப்பு சொல்வதன் சாரம் இது: அந்த இடைத்தேர்தலில் வாக்காளருக்குத் தலா 5,000 ரூபாய் வழங்கப்பட்டது. வழக்கம்போல் நள்ளிரவில் வீடு வீடாகச் சென்று கொடுக்கவில்லை. காலையில் வரும் நாளிதழின் மடிப்புக்குள் உறையாக வைத்து, வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் சேர்த்தார்கள். உறைக்குள் பணத்தோடு, யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று காட்டும் சீட்டும் இருந்தது. விரும்பாதவரும் வாங்கியே தீரவேண்டிய ஏற்பாடு.

இதை முதன்முறை வாசித்தபோது நெடுநேரம் என் மனத்தில் நின்றது தொகை அன்று, நாளிதழ்தான். விடிகாலையில் பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து, நகைக்கடை நோட்டீஸ்களையும் பள்ளிச் சேர்க்கை நோட்டீஸ்களையும் செருகி, சைக்கிளில் ஏற்றிச் செல்லும் பையன்களை நம் ஊர்களில் எல்லோரும் அறிவோம். செருகப்படும் தாளுக்கும் அச்சிட்ட செய்திக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் குறிப்பு சொல்வது உண்மையானால், அந்தக் காலையில் திருமங்கலத்து வீட்டு வாசல்களில் விழுந்த நாளிதழ் செய்தியைச் சுமந்து வரவில்லை. செய்தியாக ஆகியிருக்க வேண்டிய பொருளையே சுமந்து வந்தது. அதை விரித்துப் படித்தவர் அந்தச் செய்திக்கு வாசகராகவும் சாட்சியாகவும் பங்காளியாகவும் ஒரே நேரத்தில் ஆகிப்போனார்.

வாட்டர்கேட் வரலாற்றை வாசித்தவர்களுக்கு இங்கே ஓர் ஒற்றுமை தோன்றலாம். ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபர் பாப் வுட்வர்டு 1972இல் தமக்குத் தகவல் தந்தவரைச் சந்திக்க விரும்பினால், வீட்டு மாடத்தில் சிவப்புக் கொடி செருகிய பூந்தொட்டியை இடம் மாற்றி வைப்பார். தகவலாளர் சந்திக்க விரும்பினாலோ, வுட்வர்டு வீட்டுக்கு வரும் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் 20ஆம் பக்கத்தில் பக்க எண் வட்டமிடப்பட்டிருக்கும். கீழே கடிகார முட்கள் சந்திப்பு நேரத்தைக் காட்டும். அங்கே காலை நாளிதழுக்குள் வந்த குறி ஓர் அரசின் பொய்யை வெளிக்கொணர உதவியது. இங்கே நாளிதழுக்குள் வந்ததாகச் சொல்லப்படும் உறை ஓர் ஊரின் வாயை அடைத்தது.

வுட்வர்டின் தகவலாளர் யார் என்பது 33 ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. 2005 மே 31 அன்றுதான், அன்றைய எஃப்.பி.ஐ.யின் துணை நிலைத் தலைவராக இருந்த மார்க் ஃபெல்ட், அது நானே என்று ஒப்புக்கொண்ட செய்தி வந்தது. போஃபர்ஸ் விவகாரத்திலும் இப்படித்தான். அதன் ஆவணங்களைச் சித்ரா சுப்ரமணியத்துக்குத் தந்தவர் சுவீடன் காவல்துறையில் அவ்வழக்கை விசாரித்த ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் என்பது 2012இல், அதாவது முதல் செய்தி வெளியாகி 25 ஆண்டுகளுக்குப் பிறகு, அவரே முன்வந்து சொன்னபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. இரு நிகழ்வுகளிலும் நிருபர்கள் வாக்கைக் காப்பாற்றினார்கள். தகவல் தந்தவர்கள் முதுமை வரை தம் வீடுகளில் வாழ்ந்தார்கள்.

திருமங்கலத்தைப் பற்றிய தந்திக் குறிப்பை உலகுக்குத் தந்தவருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அவர் திருமங்கலத்தைப் பார்த்தவர் அல்லர். மதுரையின் பெயரையாவது கேட்டிருப்பாரா என்பதே ஐயம்தான். ஈராக்கில், பாக்தாதுக்குக் கிழக்கே ஒரு படைத்தளத்தில் பணியாற்றிய அமெரிக்க ராணுவத்தின் உளவுத் தகவல் ஆய்வாளர். அன்று பிராட்லி மேனிங் என்று அறியப்பட்டு, பின்னர் செல்சி மேனிங் எனத் தம் பெண் அடையாளத்தை அறிவித்தவர். 2001 தாக்குதல்களுக்குப் பின் அமெரிக்க அரசுத் துறைகள் தமக்குள் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு விரிவடைந்திருந்தது. அதனால் சென்னையிலிருந்து வாஷிங்டனுக்குப் போன குறிப்பை ஈராக்கில் இருந்த ஒரு கடைநிலைப் படையாள் தம் கணினித் திரையில் படிக்க முடிந்தது. பாடகி ஒருவரின் பெயர் எழுதிய குறுந்தகட்டில் இசையை அழித்துவிட்டு ஆவணங்களைப் படியெடுத்ததாகவும், யாரும் ஐயுறாதிருக்கப் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்ததாகவும் அவரே பின்னர் ஓர் இணைய உரையாடலில் சொன்னார். அப்படி வெளியேறி விக்கிலீக்ஸ் கைக்குப் போன தூதரகக் குறிப்புகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். அவற்றில் இந்தியா தொடர்பான சுமார் 5,100 குறிப்புகள் ‘தி இந்து’வுக்குக் கிடைத்தன.

மேனிங்கைக் காட்டிக்கொடுத்தது எந்தப் பத்திரிகையும் அன்று. தனிமைதான். 2010 மே மாதத்தில், முன்பின் நேரில் கண்டிராத ஏட்ரியன் லாமோ என்பவரிடம் அவர் இணைய உரையாடலில் மனம் திறந்தார். லாமோ அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். அம்மாத இறுதியில் மேனிங் கைதானார். அப்போது அவருக்கு வயது 22. துப்பறியும் கதை எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் உண்மை இது. ரகசியத்தைச் சுமப்பவனை வேவு பார்ப்போர் கண்டுபிடிப்பதற்கு முன்பே, யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற ஏக்கம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இனி நாட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். திருமங்கலத்துச் செய்தி சென்னையில் அச்சான 2011 மார்ச் 16 அன்று, மேனிங் வர்ஜீனியா மாநிலத்துக் குவாண்டிகோ கடற்படையணிச் சிறையில் தனிமைக் கொட்டடியில் இருந்தார். அந்த மாதத் தொடக்கத்திலிருந்து இரவுகளில் அவருடைய உடைகள் பறிக்கப்பட்டிருந்தன. அவரை நடத்தும் விதம் தவறு என்று பொதுவில் சொன்ன அமெரிக்க வெளியுறவுத் துறைச் செய்தித் தொடர்பாளர் பி.ஜே. கிரவுலி பதவி விலகியது மார்ச் 13. மூன்றே நாட்கள் இடைவெளி. நாம் இங்கே காப்பியைக் குடித்துக்கொண்டு “பார்த்தாயா, பேப்பரில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்” என்று வியந்துகொண்டிருந்த காலையில், அந்த வியப்புக்கான விலையை ஒருவர் எங்கோ செலுத்திக்கொண்டிருந்தார். 2013 ஆகஸ்டில் அவருக்கு 35 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2017 ஜனவரியில் ஒபாமா தண்டனையைக் குறைக்க, அவ்வாண்டு மே 17 அன்று விடுதலையானார். அவருடைய செயல் சரியா தவறா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, இருக்கட்டும். ஒற்றன் என்ன ஆகிறான் என்ற மாணவியின் கேள்விக்கு இது ஒரு பதில்.

இவ்விடத்தில் வரலாற்று மாணவன் செய்யவேண்டிய இன்னொரு கடமை இருக்கிறது. தந்திக் குறிப்பு உண்மையான ஆவணம் என்பதாலேயே அதில் சொல்லப்பட்டதெல்லாம் உண்மை ஆகிவிடுமா? குறிப்பு என்பது ஒரு தூதரக அதிகாரி தாம் கேட்டதாக எழுதிவைத்தது. சொன்னவர் அடக்கமாகச் சொன்னாரா, பெருமைக்காகக் கூட்டிச் சொன்னாரா என்பதை அது தீர்மானிப்பதில்லை. எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் பேருக்குக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் தலைக்கு 5,000 வீதம் 50 கோடி ரூபாய் ஆகிறது. ஒரு சட்டமன்றத் தொகுதியின் இடைத்தேர்தலுக்கு இத்தொகை முடியாதது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஏற்கத்தக்க தொகையும் அன்று. தி.மு.க. இக்குற்றச்சாட்டை ஏற்கவில்லை. குறிப்புகளில் பெயர் வந்தோரிடமிருந்தும் மறுப்புகள் எழுந்தன. தொடர்ந்து வெளியான வேறு குறிப்புகளால் நாடாளுமன்றம் கொந்தளித்தபோது, இத்தகைய தகவல்கள் சரிபார்க்கப்படாதவை, சரிபார்க்க இயலாதவை என்று பிரதமர் மன்மோகன் சிங் 2011 மார்ச் 18 அன்று அவையில் கூறினார்.

வள்ளுவர் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்கவேண்டும்; ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருந்தால் தெளியலாம். இன்றைய இதழியல் வகுப்பில் முதல் நாளில் சொல்லிக்கொடுப்பதும் இதையேதான். திருமங்கலத்தைப் பொறுத்தவரை, பணம் புழங்கியது என்பதில் பல சொற்கள் ஒத்துப்போகின்றன. எவ்வளவு, எந்த முறையில் என்பதில் நம்மிடம் உள்ளது ஒரே ஒருவரின் கூற்றைக் கேட்டவர் எழுதிய ஒரே ஒரு தாள். ஃபார்முலா என்ற சொல்லை உதிர்க்குமுன் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது ஊருக்குச் செய்யும் நியாயம்.

அந்த அதிகாரத்தின் இறுதிக் குறள் இன்னும் கூர்மையானது. ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யாதே. செய்தால் மறைவாக இருக்கவேண்டியதை நீயே வெளியிட்டவன் ஆவாய் என்பது அதன் பொருள். பாராட்டுகூட ஆபத்தாகலாம் என்கிறது குறள். பெயரைக் காப்பது எவ்வளவு நுட்பமான பொறுப்பு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் அறிந்தவரை இல்லை.

அந்தப் பொறுப்பு தவறிப்போனதையும் இதே ஆவணங்களின் கதையில் காண்கிறோம். தொடக்கத்தில் விக்கிலீக்ஸும் அதனோடு சேர்ந்த நாளிதழ்களும் தீங்கு நேரக்கூடியவர்களின் பெயர்களை மறைத்தே குறிப்புகளை வெளியிட்டுவந்தன. 2011 செப்டம்பர் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் குறிப்புகளும் எந்த மறைப்புமின்றி வெளியாயின. அவற்றுள் ஒன்றில் எத்தியோப்பியச் செய்தியாளர் அர்காவ் அஷினேயின் பெயர் இருந்தது. அந்நாட்டு அரசு சில பத்திரிகையாளர்கள் மீது எடுக்கவிருந்த நடவடிக்கை பற்றி அரசுக்குள் இருந்த ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார்; அந்தச் செய்தி அமெரிக்கத் தூதரகத்துக்கு எட்டி, குறிப்பிலும் ஏறியிருந்தது. அதிகாரிகள் அவரை அழைத்து, உனக்குச் சொன்னவர் யார் என்று துருவினார்கள். அஷினே நாட்டைவிட்டு வெளியேறினார். உலகின் ரகசியங்களைத் திறந்துவைக்கிறோம் என்று கிளம்பிய முயற்சி, தன் தகவலாளரைக் காத்து நின்ற ஒரு நிருபரை நாடற்றவராக்கியது. துப்பறியும் கதையில் இப்படி எழுதினால் செயற்கையான திருப்பம் என்று ஒதுக்கிவிடுவோம்.

நிருபரையும் தகவலாளரையும் விட்டு வெளியே நிற்போர் மீதும் ஆபத்து இறங்குவதுண்டு. அதற்கு மதுரையே சான்று. 2007 மே 9 அன்று ‘தினகரன்’ நாளிதழில் ஒரு கருத்துக்கணிப்பு வெளியானது. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்பது கேள்வி. இதில் நள்ளிரவுத் தொலைபேசி இல்லை, ரகசிய ஆவணம் இல்லை. கணிப்பில் பதில் சொன்னவர்கள் வெறும் விழுக்காடுகளாக மட்டுமே தாளில் இருந்தார்கள். அன்றே மதுரையில் அந்நாளிதழின் அலுவலகத்தை ஒரு கும்பல் தாக்கித் தீ வைத்தது. மூன்று பேர் இறந்தார்கள். இருவர் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவர்கள், ஒருவர் காவலாளி. அந்தக் கணிப்பை எடுத்தவரும் அவர்களுள் இல்லை, எழுதியவரும் இல்லை. 2009 டிசம்பரில் மதுரை அமர்வு நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 17 பேரையும் விடுவித்தது. 2019 மார்ச்சில்தான் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அத்தீர்ப்பை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பன்னிரண்டு ஆண்டுகள்.

திருமங்கலத்தார் ஏன் பெயர் சொல்லிப் பேசவில்லை என்று வெளியூர் அறிவாளிகள் கேட்கும்போது நான் இந்த வரிசையை நினைத்துக்கொள்வதுண்டு. 20 கிலோமீட்டர் தொலைவில், இருபது மாதங்களுக்கு முன்னால், பகிரங்கமாக அச்சிட்ட ஒரு கருத்துக்கணிப்புக்கே மூன்று உயிர்கள் போயிருந்தன. குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டவர் அன்றுவரை எவரும் இல்லை. அந்நிலையில் ஒரு விவசாயக் கூலியோ, ஒரு பெட்டிக்கடைக்காரரோ, பத்திரிகை போடும் பையனோ “நான் பார்த்தேன்” என்று முன்வரவேண்டும் என எதிர்பார்ப்பது யாருக்கு எளிது? பேசாதிருந்ததை எல்லாம் அச்சத்தின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. வாங்கியவரின் கூச்சமும், எல்லோரும்தானே என்ற சமாதானமும் அதில் கலந்திருந்திருக்கும். ஆயினும் அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதை மறுக்கவியலாது.

சட்டம் என்ன துணை தருகிறது? 1978ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டம், செய்தி தந்தவர் யார் என்று வெளியிடும்படி எந்த நிருபரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது; ஆனால் அந்தக் காப்பு பத்திரிகை மன்றத்தின் விசாரணைக்கு மட்டுமே உரியது. நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நிற்கும் நிருபருக்கு, வழக்கறிஞருக்கு உள்ளதைப் போன்ற தனியுரிமை நம் சான்றுச் சட்டத்தில் வகுக்கப்படவில்லை. தவறுகளை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் ஒன்று 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது; நடைமுறைக்கு வருவதற்கான அறிவிக்கை இன்றி ஆண்டுகள் உருண்டன. பேசத் துணிபவர் கடைசியில் சார்ந்திருப்பது ஒரு நிருபரின் வாக்கை மட்டுமே.

பெயரற்ற தகவல் எல்லாம் புனிதமானது என்று சொல்லவும் நான் முன்வரவில்லை. பெயரின்மையின் திரைக்குப் பின்னால் நின்று எறியப்படும் கத்திகளும் உண்டு. 1940களில் ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ இதழ்களில் திரைக்கலைஞர்களின் அந்தரங்கங்கள் எனக் கிசுகிசுக்களை எழுதிவந்த லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் சென்றுகொண்டிருந்தபோது தாக்கப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் அவ்வழக்கில் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன முறையீட்டுக்குப் பின் 1947இல் விடுதலையானார்கள். கொன்றவர் யார் என்பது இன்றும் தீராத புதிர். யார் சொன்னார் என்று கேட்கமுடியாத செய்தி, எழுதியவரையும் எழுதப்பட்டவர்களையும் ஒருசேர விழுங்கிய வரலாறு அது. பெயரின்மை ஒரு கேடயமாக இருக்கவேண்டுமானால், அதன் பின்னால் நிற்கும் செய்தி சோதித்தறியப்பட்டதாக இருக்கவேண்டும். வள்ளுவரின் இரு குறள்களும் ஒன்றாகவே இயங்குகின்றன: மூவரைக் கேட்டுத் தெளி, தெளிந்தபின் ஒருவரையும் காட்டிக்கொடுக்காதே.

துப்பறியும் கதை நமக்குப் பழக்கியிருப்பது ஆபத்தான தகவலாளரை. வரலாற்றில் நாம் மிகுதியும் காண்பது ஆபத்துக்குள்ளான தகவலாளரை. இதை மறுவாரம் வகுப்பில் சொன்னேன். குவாண்டிகோவையும் அஷினேயையும் மதுரை அலுவலகத்துக் காவலாளியையும் பற்றிச் சொன்னேன். திருமங்கலத்துப் பக்கத்து மாணவி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 2009இல் அவர் கைக்குழந்தை. அந்த ஃபார்முலா என்ற சொல்லை அவர் கேலிப் பேச்சாக மட்டுமே கேட்டு வளர்ந்தவர். வகுப்பு முடிந்ததும் அருகில் வந்து, “எங்கள் தாத்தாவுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியும் ஐயா. இதுவரை நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் சொல்வார்” என்றார். சற்று நின்று, “சொன்னால் உங்களிடம் வந்து சொல்லலாமா?” என்றும் கேட்டார்.

சொல்லலாம் அம்மா, ஆனால் தாத்தாவின் பெயரைச் சொல்லவேண்டாம் என்றேன்.